தன்மகரந்தம் விலக்கும் மலரும் தற்போதமும்

உயிர்களைப் பற்றிய மலங்களுள் மூலமலமாகிய ஆணவம் 'யான்', 'எனது' என்னுஞ் செருக்கிற்கு வேராய் நிற்பதென்பதும், அச்செருக்கு நீங்கினாலன்றி உயிர் திருவருளை எய்தாதென்பதும் சைவ சித்தாந்தத்தின் துணிபு. ஆயின் ஒரு வினா எழுகின்றது. தன்னதைத் தன்னதென்று அறியாதவன் அதனை விடுதல் யாங்ஙனம்? விடுதற்கு முன்னர் அறிதல் வேண்டும். அறிந்தவிடத்தோ பற்று உண்டாகின்றது. தன்னதை அறியும் அறிவு பற்றிற்கே துணையாவதாயின், விடுதற்கு வழி யாது? இவ்வினா அடியேன் நெஞ்சிற் பன்னாட் கிடந்தது. திருமடத்திற் பாடங்கேட்ட காலத்தே இதற்கு விடை கற்றிருந்தும், அது நெஞ்சிற் படுமாறு காட்டியது ஓர் அன்னாசிப் பழம் என்றால் அன்பர்கள் நகைத்தல் கூடும். அவ்வரலாற்றை முன்னர்க் கூறி, அதன்பின் பொருளாராய்வாம்.

அடியேன் உறைவது காவிரிக் கரையிலுள்ள மோகனூர். இவ்வூர்ப் பெருமான் அசலதீபேசுவரர் என்னுந் திருநாமமுடையார், அம்மை மதுகரவேணியம்பிகை. ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், திங்கட்கிழமைதோறும் மாலையில் இல்லத் திண்ணையில் அன்பர் சிலருக்குச் சிவஞான சித்தியார் பாடஞ் சொல்லத் தொடங்கினேன். அந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுடையதென்பதும், பரபக்கம் உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்துக் கூறி மறுப்பதென்பதும் அன்பர்கள் அறிவர். அடியேன், "இறந்துபட்ட மதங்களின் வாதம் நமக்கென்னை?" என்று கூறிப் பரபக்கத்தை விடுத்துச் சுபக்கத்தையே எடுத்துக்கொண்டேன். அவையோர் யாவரும் ஒருமுகமாய் உடன்பட்டனர்.

வேளாண்மைக் கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவர் மட்டும் ஒருநாள் எழுந்து, "ஐயா, உடம்பின் கூட்டத்தாலேயே அறிவு தோன்றுகின்றது, உயிரென்று வேறொன்றில்லை என்று என்னோடு பணிபுரிவோர் பலர் சொல்லுகின்றனர். அவர்களுக்கு நம் நூல் கூறும் விடை யாது?" என்று வினவினார். அஃது உலகாயதன் வினா. அதற்கு விடை பரபக்கத்தின் முதலிலேயே உள்ளது. அடியேன் அதனைக் கூறினேனல்லேன். "தம்பி, ஐயமுடையார்க்கு ஈண்டு இடமில்லை, கேட்க வந்தாயேல் கேள்" என்றேன். சிலர் நகைத்தனர். அவர் மறுமொழியின்றி அமர்ந்தார், மறுவாரம் வந்திலர்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் பாடம் இனிதே நடந்தது. அடியேன் கூறியதை அவர்கள் கூறினர். அவர்கள் கூறக் கேட்டு அடியேன் மகிழ்ந்தேன். ஒருநாள் அவையில் மூத்தவர் ஒருவர் வாடிய முகத்தோடு வந்தார். மேனிலைப் பள்ளியிற் படிக்குந் தம் பேரன் அவ்வினாவையே தம்மிடம் வினவினானென்றும், தாம் இத்துணை ஆண்டு பாடங்கேட்டும் ஒருசொல் விடைகூற இயலவில்லையென்றும், பையன் அன்று முதல் திருநீறு இடுதலை விட்டானென்றும் கூறினார். அவர் அடியேனைக் குறை சொல்லவில்லை. அதனால் அடியேன் துயரம் மிகுந்ததேயன்றிக் குறைந்திலது.

சென்ற ஆடிப் பதினெட்டிற்குக் கொல்லிமலை சென்று அறப்பள்ளீசுவரரை வழிபட்டு மீண்ட அவ்விளைஞர், காவிரிக்கு வந்தவிடத்து அடியேனையுங் காண வந்தார். கையில் மலையிலிருந்து கொணர்ந்த அன்னாசிப் பழம் இருந்தது. பழத்தை அரிந்து வைத்துக்கொண்டு தம் தொழிலைப் பற்றிப் பேசலாயினார். "ஐயா, இப்பழத்தில் விதை இல்லாதது ஏனென்று தாங்கள் நினைத்ததுண்டோ?" என்றார். "இல்லை" என்றேன். அவர் கூறியதைப் பின்னர் அடியேன் நூல்களிலும் ஒப்பிட்டு உண்மை கண்டேன். அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றேன்.

அன்னாசி நம் நாட்டுச் செடியன்று. தென்னமெரிக்காவிற்கு உரியது, போர்த்துகீசியரால் பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்தது. ஒரு பழமெனத் தோன்றுவது நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்த தொகுதியாகும். தோலின்மேற் காணும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவின் சுவடு. அப்பூக்களில் மகரந்தமுண்டு, சூலுமுண்டு, இரண்டும் பழுதற்றன. ஆயினும் ஒரு பூவின் மகரந்தம் அப்பூவின் சூல்முடியிலோ, அச்செடியின் வேறொரு பூவின் சூல்முடியிலோ வீழ்ந்தால், அது முளைத்துக் குழாய் விட்டுச் சூல்தண்டினுட் சிறிது தூரம் இறங்கி, அவ்வளவில் தடைப்பட்டு நின்றுவிடும். சூல்வரை அது செல்லுமாறு செடி விடுவதில்லை. கருவுறாமலே பழம் பருத்து இனிக்கும். விதை மட்டும் உண்டாவதில்லை. வேற்று வகை அன்னாசியின் மகரந்தம் வந்து சேருமாயின் விதையுண்டாகும். விதை பற்களுக்கு இடையூறாகலின் உண்பார் அதனை விரும்பார். மகரந்தத்தைச் சுமந்து செல்லும் தென்னமெரிக்கச் சிறு தேன்பறவைகளை அன்னாசி விளையும் ஹவாய்த் தீவுகளுக்குட் கொண்டுவரலாகாதென்று ஆங்குச் சட்டமே உள்ளது.

"ஒரு தோட்டத்தில் ஆயிரஞ் செடி நிற்குமே, அடுத்த செடியின் மகரந்தம் வேற்று மகரந்தமன்றோ?" என்று அடியேன் வினவினேன். அவர், "அன்று, ஐயா. அன்னாசியை விதையிட்டு வளர்ப்பதில்லை. கொண்டையையோ பக்கக் கன்றையோ பிரித்து நடுகின்றனர். ஆதலின் ஆயிரஞ் செடியும் உண்மையில் ஒரே செடிதான். கண்ணுக்கு ஆயிரம், சூல்முடிக்கு ஒன்று" என்றார். அவர் இதனை உவமையாகக் கூறினாரல்லர். ஆயினும் அடியேன் கண்முன் அத்திண்ணையும், அதிலிருந்து நான்காண்டு தலையசைத்த அன்பர் கூட்டமும், அவர்கள் நடுவே மகிழ்ந்திருந்த அடியேனும் தோன்றினோம். எத்துணை பேர் இருந்தென்? அங்கே பேசியது ஒருவனே, கேட்டவனும் அவனே. இனிமை இருந்தது, விதை இல்லை.

தன் மகரந்தத்தை விலக்கும் இவ்வியல்பு அன்னாசிக்கு மட்டும் உரியதன்று. இதனைத் தன்பொருந்தாமை என்பர். பூக்குந் தாவரங்களுள் ஏறத்தாழப் பாதி வகைகள் இவ்வியல்புடையன என்று மதிப்பிடுகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் கோல்ரூட்டர் இதனைக் கண்டார். டார்வின் பல்லாண்டு செடிகளை வளர்த்து ஆராய்ந்து, தன் மகரந்தத்தாற் பிறந்த கன்றுகளினும் பிற செடியின் மகரந்தத்தாற் பிறந்தன பெரும்பாலும் உயரமும் உறுதியும் உடையனவாதலை 1876-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் காட்டினார். தன்னோடு தானே கலக்குங் குலத்தில் மறைந்து கிடந்த குறைகள் வெளிப்படுகின்றன. அதனைத் தடுக்குங் காவலே இவ்விலக்கு.

விலக்கும் முறை குலந்தோறும் வேறுபடும். முட்டைக்கோசு, முள்ளங்கி முதலியவற்றின் குலத்தில், சூல்முடியின் மேற்புறத்தே ஒரு புரதம் காவலன்போல நிற்கின்றது. மகரந்தத் துகளின் புறப்பூச்சில் சிறியதொரு புரதம் அடையாளமாய் உள்ளது. இரண்டும் பூட்டுந் திறவுகோலும்போலப் பொருந்துமாயின் 'இது நமது' என்று ஆகின்றது. உடனே சூல்முடி அத்துகளுக்கு நீர் கொடாது. அது முளையாது வறண்டொழிகின்றது. மகரந்தத்தின் பக்கத்து அடையாளம் இன்னதென்று தெளிந்தது 1999-ஆம் ஆண்டில். புகையிலைக் குலத்திலோ மகரந்தம் முளைத்துச் சூல்தண்டினுட் புகும்வரை தடையில்லை. புகுந்தபின், ஆங்குள்ள ஒரு நொதி, தன் குறியுடைய குழாயின் உயிர்த்தொழிலைச் சிதைத்து அதனை நிறுத்துகின்றது. கசகசாச் செடியின் இனத்தில், விலக்கப்பட்ட மகரந்தம் தன்னுள்ளேயே அமைந்த முறையால் தானே மாய்கின்றது.

ஈண்டு ஒரு தடை: தாவரத்திற்கு மனமில்லை, மனமில்லாதது தன்னதை அறிந்து விலக்கிற்று என்றல் பொருந்துமோ எனின், கூறுதும். தாவரங்களை மெய்யுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிராகத் தொல்காப்பியம் மரபியல் வகுத்தது. மேற்கூறிய விலக்கெல்லாம் தொடுதலால் நிகழ்வன என்பதை நோக்குக. துகள் தொட்டாலன்றிச் சூல்முடி ஒன்றுஞ் செய்யாது. ஆயினும் இஃது உயிர் ஆராய்ந்து துணிந்த அறிவன்று. உடம்பாகிய கருவியின் தொழிலேயாம். செடி 'தான்' என்பதை அறியாது. ஒரு குறியையே அறியும். அக்குறியுடைய வேற்றுச் செடி வரினும் விலக்கும். ஆகலின் 'அறிகின்றது' என்றது உபசாரவழக்கென்று கொள்க.

இன்னொரு தடை: அம்மகரந்தம் ஆற்றலற்றதாகலின் பயன்படாது போயிற்று என்னலாகாதோ எனின், ஆகாது. தில்லிப் பல்கலைக்கழகத்து அறிஞர் ரங்கசுவாமியும் சிவண்ணாவும் தன்பொருந்தாமையுடைய பெட்டூனியா என்னும் பூச்செடியை எடுத்து, சூல்முடியையும் தண்டையும் நீக்கி, சூல்கள் ஒட்டியிருக்கும் இடத்திலேயே அச்செடியின் மகரந்தத்தை இட்டுக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தனர். கருவுண்டாகி விதையும் முதிர்ந்தது. இச்செய்தி 1967-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? மகரந்தம் ஆற்றலுடையது, சூலும் ஏற்குந் தகுதியுடையது, இடையே நின்ற காவலே விலக்கிற்று. இயலாமை வேறு, விலக்குதல் வேறு. பொருளில்லாதான் வறுமையும் பொருளுடையான் துறவும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் தம்முள் வேறாதல் போல என்க.

இனி எடுத்த வினாவிற்கு வருவாம். தன்னதை அறியும் அறிவு இருவகைத் தொழிற்கு ஏதுவாகின்றது. 'எனது' என்று பற்றுதல் ஒன்று, 'எனது, ஆதலின் இஃது எனக்குப் போதாது' என்று விலகி நிற்றல் மற்றொன்று. மலரின்கண் நிகழ்வது இரண்டாவது. தன் குறியை இத்துணை நுட்பமாய் அது காண்பது தன்னை விரும்புதற்கன்று. பிறிதொன்றிற்கு இடம் வைத்தற்கே. ஆகலின் தன்னதை அறிதல் பற்றிற்கே துணையென்னும் முடிபு பிழையாயிற்று.

நம் சந்தான குரவர் வரலாறு இதற்குச் சான்றாகும். அருணந்தி சிவாசாரியர் ஆகமங்கள் அனைத்தும் ஓதியுணர்ந்து சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டார் குடும்பத்திற்குக் குலகுருவானவர். இளங்குழந்தையாகிய மெய்கண்டார் மாணாக்கர் பலர்க்கு உபதேசிப்பதைக் கேட்டு, சினத்தோடு சென்று, ஆணவ மலத்தின் வடிவு யாதென்று வினவினார். மெய்கண்டார் வாய்திறவாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். நீர் நிற்கின்ற இந்நிலையே அதன் வடிவென்று அந்நோக்கு உணர்த்திற்று. அருணந்தியார் அக்கணமே அடியில் வீழ்ந்து மாணாக்கராயினார் என்பர். அவர்க்குக் கல்வி குறைவில்லை, நூல் குறைவில்லை. தன்னுள் எழுந்ததைத் தன்னதென்று கண்டு விலக்குதலே குறையாயிருந்தது. அது நிகழ்ந்தவுடன் வேற்றுமகரந்தம் போல உபதேசம் உட்புகுந்தது. அதன் விளைவே சிவஞான சித்தியார். அந்நூலின் முற்பகுதியில் அவர் பிறர் பதினால்வரைப் பேசவிட்டார் என்பதை அடியேன் எத்துணை முறை பாடஞ் சொல்லியும் நினைந்திலேன்.

அற்றேல், விலக்குதல் நன்றாயின் வந்ததையெல்லாம் ஏற்றலும் நன்றோ எனின், அன்று. மலர் தன்னதை விலக்குவதுபோல மிகத் தொலைவிலுள்ள இனத்தின் மகரந்தத்தையும் ஏலாது. எருக்கின் மகரந்தம் அன்னாசிக்குப் பயன்படாது. மிக அணியதும் மிகச் சேயதும் ஆகா. ஒத்த இனத்து வேற்றதே பயன்படும். நம் முன்னோர் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்ததையும், உமாபதி சிவாசாரியர் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் நமக்கு அணித்தாய் நிற்கும் வாதங்களையே மிகுதியும் எடுத்துக்கொண்டதையும் நோக்குக. மேலும், பிற மகரந்தத்தை ஏற்றதனால் தாய்ச்செடி தன் இயல்பு இழப்பதில்லை. உலகாயதன் கூற்றைச் செவ்வனே எடுத்துரைத்த அருணந்தியார் உலகாயதராயினாரல்லர். பிறர் வினாவைக் கேட்டால் நம் சமயம் கெடுமென்று அஞ்சுவார் இதனை நினைவாராக.

ஈண்டு ஒரு காவலுங் கூறல் வேண்டும். காவிரி பாயும் நம் வயல்களில் விளையும் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்று மணிபிடிப்பது, அதனையுண்டே வாழ்கின்றோம். காப்பியிலும் இவ்விரு வகையுண்டு: அராபிகா தன்னதை ஏற்கும், ரொபஸ்டா விலக்கும். ஆகலின் 'மலர் இவ்வாறு செய்கின்றது, மாந்தரும் இவ்வாறு செய்க' என்று விதித்தல் கூடாது. மெய்கண்டார் தம் நூலிற் காட்டிய மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில், மலர் எடுத்துக்காட்டாதற்கே உரியது, ஏதுவாதற்கு உரியதன்று. தாவரத்தின் இயல்பைக் கொண்டு மக்களின் குலம், மணம் முதலியவற்றிற்கு முடிவு கூறுவார் இவ்வேறுபாட்டை அறியாதவரேயாவர்.

பின்னும் இரண்டு செய்திகள் அடியேனை வருத்தின. முட்டைக்கோசு முதலியவற்றில் விரியாத மொட்டைப் பிரித்துத் தன் மகரந்தத்தை இட்டால் அது கருவுறுகின்றது. காவல் இன்னும் அமையாமையே காரணம். மலர் பக்குவமெய்தும்போதுதான் தன்னதைக் கண்டு விலக்கும் ஆற்றல் வருகின்றது. இளமையில் தன் கருத்தையே மெய்யென்று கொள்வார்க்கு இஃது ஒப்பாகும், அது மன்னிக்கத்தக்கது. மற்றொன்று, சில செடிகளில் மலர் முதிர்ந்து வாடத் தொடங்கும்போது, வண்டு வாராதொழியுமாயின், காவல் தளர்ந்து தன்னதையே ஏற்றுக்கொள்ளும் என்பது. செடிக்கு அஃது ஒரு பிழைப்பாயிருக்கலாம். அறுபது கடந்த அடியேனுக்கு அஃது எச்சரிக்கையாயிற்று. பக்குவத்தில் வந்த காவல் முதுமையில் தளருமென்றால், கற்றவர் தம் நரையை நம்பி இருத்தல் இயலாது. நாடோறும் தன்னதைத் தன்னதென்று காண வேண்டும்.

விலக்கியிருத்தற்கு ஓர் இடரும் உண்டு. தன்னதை மறுத்த மலர் வண்டு வாராவிடின் பயனின்றி உதிரும். அவ்விடரை அது மேற்கொள்ளுகின்றது. உயிரும் அத்தகையதே. தானே தன்னை அறிவித்துக்கொள்ளும் ஆற்றல் உயிர்க்கு இல்லை, அறிவித்தாலன்றி அறியாது. குருவாய் வந்து உணர்த்துவோன் வருமளவும் தற்போதத்தை ஒடுக்கிக் காத்திருத்தலே அதன் கடமை. அவன் எவ்வடிவில் வருவான் என்று நாம் வரையறுத்தல் இயலாது. அருணந்தியார்க்கு இளங்குழந்தையாய் வந்தான். நம் ஊர் அம்மையின் திருநாமத்தில் மதுகரம் என்னுஞ் சொல் வண்டைக் குறித்து நிற்றலை இதுகாறும் அழகென்று மட்டுமே எண்ணியிருந்தேன். இப்போது அச்சொல்லைச் சொல்லும்போது, திண்ணையினின்றும் எழுந்து போனவர் நினைவே வருகின்றது.

அன்று அவ்விளைஞரிடம், "தம்பி, நான்காண்டிற்கு முன் நீ வினவியது நல்ல வினா, நான் கூறியது தகாத விடை. பொறுத்தல் வேண்டும்" என்றேன். அவர் எழுந்து, "ஐயா, அப்படிச் சொல்லலாகாது" என்று வணங்கினார். கார்த்திகைத் திங்களில் பாடத்தை மீளத் தொடங்கினோம்; இம்முறை பரபக்கத்தின் முதற் செய்யுளிலிருந்து. உலகாயதன் பக்கத்தை விட்டுக்கொடாமற் பேசுமாறு அவ்விளைஞரையே வேண்டினேன். மூத்த அன்பர் தம் பேரனையும் அழைத்து வந்தார். பையன் நெற்றியில் திருநீறு இல்லை. அதுபற்றி யாரும் ஒன்றும் வினவவில்லை. முதல் நாளிலேயே அவன் கேட்ட ஒரு வினாவிற்கு அடியேனால் உடனே விடைகூற இயலவில்லை. "அடுத்த திங்கட்கிழமை சொல்லுகிறேன், தம்பி" என்றேன். அவன் அடுத்த திங்கட்கிழமையும் வந்தான்.

அன்பர்கள் தத்தம் ஊர்களில் நடத்தும் பாட அவைகளில், மாறுபடப் பேசுவார் ஒருவர்க்கேனும் இடம் வைத்திருக்கின்றனரா என்று எண்ணிப் பார்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்.